ஏறாத பதிவு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பொன்மணி சைதாப்பேட்டை அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்கியபோது உள்ளேயிருந்து ஆற்று நாற்றம் வந்தது. அடையாற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது புதிதில்லை. ஆனால் ஆறு எங்கேயோ இருக்கிறது; பூட்டிக் கிடந்த ஏசி அறைக்குள் அது எப்படி நுழைந்தது என்று யோசிக்க அன்று அவளுக்கு நேரமில்லை.

வேலை இதுதான். ஆற்றங்கரைக் குடிசைகளில் எடுத்த கணக்கெடுப்புத் தாள்களை ஒரு ஒப்பந்தக் கம்பெனி ஒரே கோப்பாக்கித் தரும். பொன்மணி அதை டேட்டாபேஸில் ஏற்றுவாள். அதில் ஏற்கெனவே இருக்கும் பழைய கணக்கோடு தலை எண்ணிக்கை பொருந்தினால்தான் பதிவு ஏறும். பதிவு ஏறிய குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு வீடு. ஏறாத குடும்பத்துக்குத் திங்கட்கிழமை புல்டோசர் மட்டும். மாலை ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதில் 218-ஆம் எண் அவளுடைய சொந்தக் குடிசை.

ஏற்றினாள். அனுப்பியது 612. ஏறியது 611.

பிழை என்று கம்ப்யூட்டர் எதுவும் சொல்லவில்லை. அதன் குணமே அப்படி. ‘முடிந்தது’ என்று பச்சையாகக் காட்டிவிட்டு, ஏறாததைச் சத்தமில்லாமல் வேறொரு கோப்பில் தள்ளிவிடும். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. ஒன்றிரண்டு விட்டுப்போனால் போகட்டும் என்பது சூப்பர்வைசர் துரைராஜின் சட்டம். போன மாதம் பொன்மணியும் அப்படி ஒன்றை விட்டிருந்தாள்.

அந்த ஒன்று ஹாஜிரா பீ. புருஷன் போனபின் தனியாக இருந்து, சமோசாவுக்கு மாவுத்தாள் தேய்த்து விற்றுப் பிழைத்தவள். செத்தவர் பெயரை யாரும் நீக்காததால் தாளில் ஒருவர், டேட்டாபேஸில் இருவர். தலைக்கணக்கு பொருந்தாமல் பதிவு தள்ளுபடியானது. நான்கு நாள் ரேஷன் கார்டோடு வந்து கவுன்ட்டரில் நின்றாள். லிஸ்ட்டில் இல்லை பாயம்மா என்று பொன்மணி தலையைத் தூக்காமலே சொல்லி அனுப்பினாள். குடிசையை இடித்தபின் அந்த இடிபாட்டின் மேலேயே தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்தாள் ஹாஜிரா பீ. மழையில் ஆறு பெருகியபோது தண்ணீர் அவளைக் கொண்டுபோய்விட்டது.

இன்று பொன்மணி அந்தத் தள்ளுபடிக் கோப்பைத் திறந்தாள்.

218.

காரணம்: உறுப்பினர் எண்ணிக்கை பொருந்தவில்லை. தாளில் நான்கு. டேட்டாபேஸில் ஐந்து.

புருஷன் லாரன்ஸ், அவள், மகள்கள் இருவர். அதோடு சரி. ஐந்தாவது யார் என்று கீழே நகர்த்திப் பார்த்தாள்.

ஹாஜிரா பீ.

நீக்கினாள். ‘ஒரு பெயர் நீக்கப்பட்டது’ என்றது திரை. மறுபடி ஏற்றினாள். 611. மறுபடி திறந்தாள்.

ஐந்து பேர்.

துரைராஜுக்கு போன் போட்டாள். ஒண்ணுதானே, முடிஞ்சதுன்னு அனுப்பிடு என்றார் அவர் வழக்கம்போல.

“சார், அது என் வூடு சார்.”

துரைராஜ் எரிச்சலோடு கேட்டார். “பக்கத்துல யாரும்மா அது? நீ பேச சொல்ல அந்தம்மாவும் பேசிக்கினே கீது. ஒண்ணும் புரியல.”

அறையில் யாரும் இல்லை.

போனை வைத்தாள். நாற்றம் கெட்டியாகியிருந்தது. கவுன்ட்டரில், கார்டை நீட்டும் கண்ணாடித் துளைக்குக் கீழே, தண்ணீர் தேங்கி நின்றது. அதில் வெள்ளையாக மாவு கரைந்துகொண்டிருந்தது.

ஓடிவிடலாம். ஓடினால் வீடு போய்விடும். பொன்மணி ஓடவில்லை. நீக்கினாள், ஏற்றினாள், நீக்கினாள், ஏற்றினாள். எத்தனை தடவை என்பது அவளுக்கே தெரியாது. மணி நாலே முக்கால் ஆனது. அன்றைக்குத் தூக்காத தலையை இன்று தூக்கி, வெறும் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

“தப்பு என்னுதுதான் பாயம்மா. பசங்க இன்னா பண்ணுச்சு? உட்டுடு.”

கண்ணாடியில் மூச்சு படிந்தது. வெளியிலிருந்து அல்ல. அவள் இருந்த பக்கம்.

“நான் எங்கம்மா போவேன்?”

காதோரமாக, ஈரமாக, மிக மெதுவாக.

பொன்மணி திரும்பிப் பார்க்கவில்லை. மணி நான்கு ஐம்பத்தாறு. தன் தாளில் இருந்த நான்கை அழித்து ஐந்து என்று அடித்தாள். ஏற்றினாள்.

அனுப்பியது 612. ஏறியது 612.

அப்போது அவளுக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. மேஜையில் தலை சாய்த்து அதற்காகவே அழுதாள்.

திங்கட்கிழமை காலை குடும்பங்களை ஏற்றிப்போக ஆற்றங்கரைக்கு லாரிகள் வந்தன. வீட்டுச் சாவி கொடுக்குமுன் ஒவ்வொரு குடும்பத்திலும் தலை எண்ணிச் சரிபார்க்க வைதேகி என்ற இளம் அதிகாரி வந்திருந்தாள். ஒருத்தர் மட்டும் ஊருக்குப் போயிருக்காங்க என்று சொல்லப் பொன்மணி இரண்டு நாளாகப் பொய்யை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல வேண்டியே வரவில்லை.

வைதேகி பேனாவை நீட்டி எண்ணினாள். லாரன்ஸ். பொன்மணி. பெரியவள். சின்னவள். பேனா இன்னும் கொஞ்சம் நகர்ந்து, சின்னவளுக்குப் பக்கத்தில் நின்றது.

“அஞ்சு. சரியா இருக்கு.” சாவியைப் பொன்மணியின் கையில் வைத்துவிட்டு, அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“பாத்து ஏறுங்கம்மா. புடவையெல்லாம் தண்ணி சொட்டுது.”

சின்னவள் லாரியில் ஏறி உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே நகர்ந்து இடம் விட்டாள்.