முன் சக்கரத்துக்கு ஓர் ஆணி டயர்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அப்புத்தளையிலிருந்து திரும்பும் வழியில் கதிர்காமநாதனின் மோட்டார் சைக்கிள் முன் டயர் வெடித்துப்போயிற்று. ஒரு மாட்டு வண்டியை மறித்து, சைக்கிளை அதில் ஏற்றிக்கொண்டு வந்து, பதுளைக் கடைவீதியின் கோடியிலிருந்த புஹாரியின் பட்டறையில் இறக்கினார்.

கதிர்காமநாதனுக்குப் புடவைக் கடை. துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கொழும்புக்கு எழுதி, கப்பல் வந்து, புது டயர் கைக்குக் கிடைப்பதற்குள் தீபாவளி முடிந்து கார்த்திகையும் வந்துவிடும்.

"வேற ஒண்ணுமே இல்லையா புஹாரி?"

புஹாரி தயங்கினான். பிறகு பட்டறையின் மூலைக்குப் போய், சாக்குகளுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்து வந்தான். ரப்பரின் மேல் தடித்த தோல் போர்த்திய டயர். தோலில் வரிசை வரிசையாக இரும்புக் குமிழ் ஆணிகள்.

"இத முன்னுக்குப் போடுறவங்க இல்ல முதலாளி. சேத்துல வழுக்காம இருக்கப் பின்னுக்குத்தான் போடுவாங்க. முன்னுக்குப் போட்டா ஹேண்டில் பாரமா இருக்கும்."

"அளவு சேருமா?"

"சேரும்."

"யாரோட வண்டியில இருந்தது?"

புஹாரி கேள்வி காதில் விழாதவன் போல நெம்புகோலைத் தேடினான். டயரைப் பூட்டி, காற்றடித்து, கையைத் துடைத்துக்கொண்டபோதுதான், "பழைய சாமான்" என்றான். அப்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கதிர்காமநாதனுக்கு அது உறுத்தியது. ஆனாலும் அவசரம். கிளம்பிவிட்டார்.

ஹேண்டில் பாரமாகத்தான் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சைக்கிள் ஓயாமல் இடப்பக்கம் சாயப் பார்த்தது. அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருக்கும் கனம் போல. ஈரத் தோலின் வாடையோடு சில வேளை விளக்கெண்ணெய் வாடையும் எழுந்து வந்தது.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் அவர் மூட்டையை அவிழ்த்தபோது தூறல் விழுந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்த மாரியாயி, மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டபடி நின்று பார்த்தாள்.

"ஏங்க முதலாளி, அம்மாவ ஏன் மழையில உக்கார வச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

"எந்த அம்மா?"

"உங்களோட வந்தவங்கதான். பக்கத்துல உக்காந்து வந்தாங்களே. மாசமா இருக்காங்க, பாவம்."

கதிர்காமநாதன் திரும்பிப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் தனியாக நின்றது.

அதன் இடப்பக்கம், தரையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் மழை படவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடமும் நனைந்தது.

மலையில் பேச்சு மூடுபனியைவிட வேகமாக இறங்கும். அந்த வாரமே அது பதுளையில் அவர் வீட்டு அடுப்படி வரை வந்துவிட்டது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவருக்கும் மனைவி ராமலட்சுமிக்கும் பிள்ளையில்லை. இன்னொருத்தியைக் கட்டிவைக்கலாம் என்று உறவில் சிலர் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராமலட்சுமி சோற்றைப் போட்டாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"மாசமா இருக்காளாமே. பக்கத்துல வச்சிட்டு ஊர்கோலம் போறீங்களாமே."

"லெச்சுமி, சத்தியமா அப்படி யாருமில்ல."

"ஊர்ல அத்தனை கண்ணும் பொய் சொல்லுதாக்கும்."

கை கழுவாமலே அவர் எழுந்து போனார். மறுநாள் ஹாலிஎல தாண்டி, மழை ஓய்ந்த வெறும் பாதையில் நிறுத்தினார். இறங்கிப் பின்னால் பார்த்தார். சேற்றில் அவர் வந்த தடம் நீளமாகக் கிடந்தது.

அதன் இடப்பக்கம், சற்றுத் தள்ளி, இன்னொரு தடம்.

அதிலும் ஆணிப் புள்ளிகள். இத்தனைக்கும் அந்த ஆணி டயர் முன் சக்கரத்தில்தான் இருந்தது.

நேரே புஹாரியின் பட்டறைக்குத் திருப்பினார். அவர் முகத்தைக் கண்டதுமே புஹாரி எழுந்து நின்றான்.

"இது எந்த வண்டி டயர்? உண்மையச் சொல்லு."

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா முதலாளி?" புஹாரியின் குரல் தாழ்ந்தது. "ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலை ஃபாக்டரி பாத்துக்கிற டீமேக்கர் ஒருத்தர் இருந்தாரு. மோட்டார் சைக்கிளுக்கு இடப்பக்கம் ஒத்தச் சில்லு வச்ச பக்கவண்டி பூட்டியிருந்தாரு. அந்தச் சில்லோட டயர் இது. பொஞ்சாதிக்கு வலி கண்டு, பக்கவண்டியில வச்சுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாரு. அப்புத்தளை வளைவுல பனி. வண்டி பள்ளத்துல போச்சு. அவரு ரோட்டுல விழுந்து தப்பிட்டாரு. அந்தப் பொம்பள ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவேயில்ல."

"கழட்டு இத. இப்பவே."

ராமலட்சுமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல.

"நல்ல கதை. டயரயும் கழட்டிட்டா அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? திரும்பப் பூட்டச் சொல்லுங்க. நானும் வாறேன். அந்த மாரியாயி மூஞ்சியப் பாத்து நான் கேக்கணும்."

அன்றே டயரைத் திரும்பப் பூட்ட வைத்தாள். மறுநாள் விடிந்ததும் மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

லயத்து வாசலில் மாரியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க முதலாளிகூட வந்தது நானாடி?" என்றாள் ராமலட்சுமி.

"இல்லைங்கம்மா. அவங்க..." மாரியாயியின் பார்வை மெல்ல இறங்கி, மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் நின்றது. அங்கே வெறும் தரை. "இந்தா இருக்காங்களே. முகமெல்லாம் வேர்த்திருக்கு. ஐயோ, இன்னைக்கு வலி கண்டிருச்சு போலம்மா. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கண்களில் இருந்த இரக்கத்தைப் பார்த்ததுமே ராமலட்சுமிக்கு அது தெரிந்துவிட்டது. அவளுடைய சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது. அது இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது அப்புத்தளையைப் பனி விழுங்கியிருந்தது. பகல் வெளிச்சம் பால் கலங்கியதுபோல் ஆயிற்று. ஆணிகள் கல்லில் கரகரவென்று தேய்ந்தன. வளைவு வந்தது. ஹேண்டில் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. கதிர்காமநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்.

அப்போது இடப்பக்கமிருந்து ஒரு முனகல்.

தாழ்வாக. இடுப்பளவு உயரத்திலிருந்து.

பிறகு இன்னொன்று, நீளமாக.

ராமலட்சுமியின் முந்தானையை யாரோ பற்றினார்கள். அவள் குனிந்து பார்க்கவில்லை. குளிர்ந்த, ஈரமான விரல்கள் முந்தானை வழியே மேலேறி, அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன. வலி வரும்போது இறுகின. விட்டபோது தளர்ந்தன. அவள் வீறிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அந்தப் பிடியில் கோபம் எதுவும் இல்லை என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. பிரசவ அறையில் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடிக்கிற பிடி அது.

"என்னங்க," என்றாள் அவர் காதோரம்.

"என்ன?"

"எங்கேயும் நிறுத்தாதீங்க. நேரே ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"லெச்சுமி..."

"இவ போகணும்னு கேக்குறா. கொண்டு போய் விட்டிருவோம்."

விளக்கு வைப்பதற்கு முன்னால் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்கள். இஞ்சின் அடங்கியது. அடுத்த கணம் சைக்கிளின் இடப்பக்கக் கனம் இறங்கிப்போயிற்று. ராமலட்சுமியின் மணிக்கட்டும் விடுபட்டது. அதில் நகத் தடங்கள் சிவந்திருந்தன.

வாசலில் நின்ற காவலாள் இராமையா கதவை அகலத் திறந்தான். ஒதுங்கி நின்று, "பாத்து, மெதுவா வாங்கம்மா" என்றான்.

அவன் முன்னால் யாருமில்லை.

அவர்கள் இருவரும் அசையவில்லை. உள்ளே தாழ்வாரத்தில் காலடிகள் ஓடின. எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு தாதி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"இப்ப வந்த பொம்பளைக்குத் துணைக்கு வந்தவங்க நீங்கதானே? புள்ளைக்குத் துணி எங்க?"

ராமலட்சுமி மூட்டையை அவிழ்த்தாள். மல் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, கதிர்காமநாதன் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அவர் காத்து நின்றார். எந்த அறையிலிருந்தும் குழந்தை அழும் சத்தம் கேட்கவில்லை.

ராமலட்சுமி வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மல் துணி அவள் மார்போடு சுருண்டிருந்தது. அவள் முகத்தில் அவர் ஒருநாளும் கண்டிராத ஓர் அமைதி. பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"லெச்சுமி, என்ன ஆச்சு? அவ எங்க?"

"அவ போயிட்டா." குரலை இன்னும் தாழ்த்தினாள். "மெதுவா ஓட்டுங்க. இப்பதான் தூங்குது."

கதிர்காமநாதன் திரும்பி, துணியின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

விரலை எடுக்கப் போனார். ஏதோ ஒன்று, மிகச் சிறியது, வெதுவெதுப்பானது, அதை இறுகப் பற்றிக்கொண்டது.