பூஞ்சணம் பிடிக்காத கேசட்

“எங்க வீட்டுக்காரரு குரலை அழிச்சிட்டான், ஏட்டையா,” என்றாள் சாராள்.

எண்பத்து நாலாம் வருட ஐப்பசி. ஏட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தவசிக்குப் போடியை விட்டு நகரவே மனமில்லை. முழங்கால் வலி போதாதென்று, சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் திருடன் என்பதைக் கேட்டுக் காதும் சலித்திருந்தது. ஆனால் ஏலக்காய் வியாபாரி தானியேல் நல்ல மனிதர். சாகுமுன் மனைவி சாராளுக்காக ஒரு கேசட்டில் பேசி வைத்தார். பங்குனியில் தெளிவாகக் கேட்டது, நேற்றுப் போட்டால் ஊமை. டேப்ரிக்கார்டர் இருப்பதோ அவள் கொழுந்தன் சௌந்தரபாண்டியன் அறையில்.

“அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன்,” என்றாள்.

“பாட்டுப் பதியிறேன்னு அது மேலயே பதிஞ்சிருப்பான்,” என்றார் ஜீப் ஓட்டும் அழகுமலை. ஆடு காணாமல் போனாலும் கைரேகை தேடுகிற ஆள் அவர்.

மூவரும் ஜீப்பில் போய்ச் சேர்ந்த சாராளின் குரங்கணி மலைவீட்டில் மழை எதையும் விட்டுவைக்கவில்லை. செருப்பு, பைபிள் அட்டை, கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் பூஞ்சணம். கேசட் டப்பா மட்டும் காய்ந்து பளிச்சென்று இருந்தது. தவசி அதை முகர்ந்து பார்த்தார். சௌந்தரபாண்டியன் டிரங்குப் பெட்டியோடு கூடத்தில் நின்றான்.

“அழகுமலை, கேசட்டு முதுகைப் பாரு,” என்றார் தவசி. “பதியவிடாமத் தடுக்க ரெண்டு முனையும் உடைச்சிருக்கு. அந்தக் குழியில ஒட்டுப் போட்டாத்தான் மேல பதிய முடியும். ஒட்டுன பிசுக்கே இல்ல. யாரும் அழிக்கல.”

“பின்ன ஏன் பேசல?” என்றார் அழகுமலை.

தவசி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். அரிசியளவு கம்பளித் துண்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

“கேசட்டுக்குள்ள நாடாவை டேப்ரிக்கார்டரோட சேத்து அழுத்திப் பிடிக்கிறது இதுதான். இது இல்லாட்டி சத்தம் வராது. சூட்டுல பசை விட்டுப்போச்சு. வீடே பூத்துக் கெடக்கு, டப்பா மட்டும் காஞ்சு ஏலக்காய் மணக்குது. எங்க வெச்சிருந்தீக, தாயி?”

சாராளின் முகம் வெளுத்தது. “காய் உலர்த்துற சூட்டறையில. பூஞ்சணத்துக்குப் பயந்து. அங்க காய்ஞ்ச காயி வருசம் பூரா கெடாதுல்ல, இதுவும் அப்பிடித்தான்னு...”

தவசி கோந்து தொட்டுத் துண்டைக் கேசட்டுக்குள் பழைய இடத்தில் ஒட்டினார். அது காய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு கேசட்டைப் போட்டதும் தானியேல் பேசினார்:

“சாராளு, மழைக்கு முந்தி ஓடு மாத்தச் சொல்லு. சௌந்தரம் படுக்கிற எடத்துல ஒழுகுது. அவனுக்குச் சளி ஆகாது.”

சாராள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தவசிக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. உண்மையைக் கண்டுபிடித்து என்ன, சொன்ன சொல்லை யார் திரும்ப எடுப்பது?

“இதைத் தேயத் தேயப் போடாதீக,” என்றார். “இன்னொரு கேசட்டுலயும் பதிஞ்சு, ரெண்டையும் ரெண்டு வீட்டுல வைக்கணும். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.”

“ரெண்டு வீட்டுக்கு நான் எங்க போவேன், ஏட்டையா?”

சௌந்தரபாண்டியன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“இனிமே ரெண்டு வீடுதான், மதினி. ஒண்ணை எனக்குக் குடுத்துவிடுங்க.”