காத்திருக்காத தாளம்

காலையில் எங்கள் காசிமேட்டுத் தெருவில் நடக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஒருவர் துள்ளிக்கொண்டு போவார், ஒருவர் காலை இழுத்துக்கொண்டு போவார், இட்லிக் கடை வரிசையில் நிற்கிற பெண் நின்ற இடத்திலேயே தோளைக் குலுக்கிக்கொண்டிருப்பாள். எல்லார் காதிலும் செவிமணி. நாம் நடந்தால் அது கொட்டும், நின்றால் அதுவும் நிற்கும். நம் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டு, அந்த நொடியே நமக்கென்று ஒரு பாட்டைச் செய்து கொடுக்கும். கேட்டு முடித்ததும் அந்தப் பாட்டு உலகத்தில் இருக்காது. பக்கத்தில் நிற்பவருக்கு அதில் ஒரு சொட்டும் கேட்காது. எங்கள் பேட்டையில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் முக்கால்வாசிப் பேர் இன்னொருவர் கேட்ட பாட்டைக் கேட்டதே இல்லை. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளைக்கு ஒரு மேளம், பெண்ணுக்கு ஒரு மேளம்.

என் பெயர் எமல்டா. என் வீட்டுக்காரர் பெலிக்ஸ், துறைமுகத்தில் கிரேன்காரர். கிரேன்கள் தாமாகவே ஓடினாலும் மேலே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. போன மழைக்காலத்தில் ஏணியில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு ஒட்டிவிட்டது, இனி நடக்கவேண்டியது அவர் பாடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவரோ மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இடது காலை ஊன்றப் போவார், பயந்து பின்வாங்குவார், வலது காலிலேயே உடம்பைச் சாய்ப்பார்.

செவிமணி என்ன செய்யும்? அவர் தயங்கினால் அதுவும் தயங்கியது. அவர் காலை இழுத்தால் பாட்டையும் இழுத்தது. அது என்ன பாடியது என்று எனக்குக் கேட்காது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். நாலு எட்டு வைத்துவிட்டு, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. நொண்டுகிற ஆளுக்கு நொண்டுகிற தாளத்தைக் கொடுத்தால் அவர் ஏன் நேராக நடக்கப் போகிறார்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யோவ், அந்தச் சனியனக் கழட்டிட்டு நட." கோபம் வந்தால் யோவ் என்பேன். வராவிட்டாலும் அப்படித்தான்.

"கழட்டுனா காலு எங்க இருக்குன்னே தெரியல எமி. பயமா கீது."

ஈஸ்டர் முடிந்ததும் தகுதித் தேர்வு. எதையும் பிடிக்காமல், கப்பலுக்குப் போடும் ஏறுபலகையில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கிரேன் வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய கிரேன் அது. அது இல்லாமல் அவர் என்ன ஆவார்?

எனக்கோ வேறொரு வாழ்க்கை இருந்தது. பழைய ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் நானும் சவரி என்கிற இசைப்பித்தனும் திருட்டுத்தனமாக இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தோம். திருட்டு என்றால், நாலு பேர் காதில் விழும்படி பாட்டு வைப்பதை அமைதிச் சட்டம் 'திறந்த ஒலி' என்று சொல்லித் தடை செய்திருக்கிறது. அது அடுத்தவர் செவிமணியைக் குழப்புமாம். ஐஸ் அறைச் சுவரில் ஒரு முழத்துக்குத் தக்கை அடைத்திருந்ததால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. சவரி ஆட்டத்துக்கான மின்னிசையை அமைத்து, மற்றத் தட்டுகளுக்கெல்லாம் அச்சான தாய்த்தட்டில் தன் கையாலேயே தடம் வெட்டுவான். நான் பழைய மின்கம்பி உறைகளையும் உடைந்த குழாய்களையும் உருக்கி வினைல் தட்டாக அழுத்துவேன். 'ஐஸ்பெட்டி வெளியீடு' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் முழுக்கப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கவிழ்ந்து கிடக்கும் நேரத்தில், புதுத் தட்டு வரும். எண்பது, தொண்ணூறு பேர் ஆட வருவார்கள்.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. புதுத் தட்டை யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. அழுத்திய நானும் கேட்கக் கூடாது, தடம் வெட்டிய சவரியும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. முதல் முறை எல்லாருமாகச் சேர்ந்துதான் கேட்க வேண்டும். ஊரே தனித்தனியாகக் கேட்கிறது, இதையாவது கூடிக் கேட்போம் என்று நான் வைத்த கட்டுப்பாடு அது.

ஈஸ்டருக்குச் சில வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெலிக்ஸை வீட்டில் தனியாக விட மனமில்லை. சட்டத்துக்கு அஞ்சியவர், ஒரு நாளும் அங்கே கால் வைத்ததில்லை. கழற்றிய செவிமணிகளைப் போட்டுவைக்கும் எவர்சில்வர் டப்பாவுக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி, தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

"போலீஸ் வந்தா?"

"நொண்டிய இன்னா பண்ணப் போறான்? சும்மா ஒக்காந்து டப்பாவப் பாத்துக்கோ."

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எல்லாரும் கழற்றிப் போட்டார்கள். டப்பாக்காரரும் கழற்ற வேண்டும் என்றேன். முறைத்துக்கொண்டே கழற்றினார். அந்த நிசப்தம் தாங்காமல் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

சவரி பதினேழாம் வெளியீட்டில் ஊசியை வைத்தான். ஆஹா! துறைமுகத்து இரும்புச் சத்தத்தையும் படகு இன்ஜினையும் கலந்து, அடியில் ஒரு கனத்த கொட்டு. முன்வரிசையில் நஸ்ரின் குதித்தாள். நஸ்ரின் ட்ரோன் மெக்கானிக், வாய்க்காரி, அவள் குதித்தால் மொத்தக் கூட்டமும் குதிக்கும். ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் பாட்டு முன்னே போக மறுத்துவிட்டது. தும் தக தக, தும் தக தக, திரும்பத் திரும்ப அதேதான்.

"இன்னா சவரிண்ணே, ஊசி மாட்டிக்கிச்சா?" என்று நஸ்ரின் கத்தினாள்.

சவரி குனிந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. "பூட்டுத்தடம். வெட்டும்போது பெல்ட்டு வழுக்கிருக்கு. தடம் உள்ள நகராம அதே வட்டத்துல மூடிக்கிச்சு."

"வேற தட்டு போடு."

"தாய்த்தட்டே இப்டி. அத்தனையும் இதான்."

இருநூறு தட்டு அழுத்தியிருந்தேன். மூட்டை மூட்டையாகச் சேர்த்த கம்பி உறை முழுவதும் அதில் போயிருந்தது. "ஒரு தபா ஓட்டிப் பாத்தா இன்னா கொறஞ்சா போயிருக்கும் உனக்கு?" என்று பாய்ந்தேன்.

"தனியாக் கேக்கக் கூடாதுன்னு ரூல் போட்டது யாரு எமல்டாக்கா?"

 தட்டு அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் பாதி சிரித்தது, பாதி உச்சுக்கொட்டியது. அப்போதுதான் வாசல் பக்கம் திரும்பினேன்.

பெலிக்ஸ் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். கால் தாளத்தோடு நகரப் பார்த்தது. ஒரு எட்டு வைத்தார், இரண்டாவதில் தடுமாறினார், நின்றார். கொட்டு நிற்கவில்லை. அவர் திகைத்துப் போனார். மாதக்கணக்கில் அவர் நின்றால் தாளமும் நின்றிருக்கிறது, இது அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எமி, இது நிக்காதா?"

"நிக்காது."

"நான் நின்னாலும்?"

"நீ செத்தாலும் நிக்காது. சும்மா வா."

 மறுபடி ஒரு எட்டு வைத்தார். வேகம் அவருக்கு எட்டவில்லை. கால் பின்னி, சுவரில் தோள் இடித்து நின்றார். முகத்தில் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். விழுந்தால் எலும்பு மறுபடி போய்விடும், தேர்வும் போச்சு, கிரேனும் போச்சு. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வோமா என்று நான் தவித்தபோது, சவரி தட்டின் வேகத்தை நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றிலிருந்து முப்பத்துமூன்றுக்கு மெதுவாக இறக்கினான்.

தாளம் கனத்து, அகன்று, நிதானமாக வந்தது. பின்னால் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். வாரம் முழுக்க உடம்பைக் கட்டிப்போட்டு வைத்திருந்து குதிக்க வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நஸ்ரின் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெலிக்ஸுக்கு இடது பக்கமாக வந்து நின்றாள். தொடவில்லை.

"வாண்ணே. 'தும்'முல ஊனு. அது வர்ற வரிக்கும் நானும் காலத் தூக்கினு நிக்கறேன்."

அந்தப் பழுதுத் தடத்தில் மூன்று கொட்டுதான் அகப்பட்டிருந்தது. நாலு கொட்டாக இருந்தால் பெரிய 'தும்' ஒவ்வொரு முறையும் அவருடைய நல்ல காலிலேயே விழுந்திருக்கும், அவரும் வழக்கம்போல அதிலேயே சாய்ந்திருப்பார். மூன்று என்பதால் ஒரு சுற்றில் வலது காலில் விழுந்தது, அடுத்த சுற்றில் இடது காலில். தப்பிக்க வழியில்லை. முதல் முறை இடது காலில் 'தும்' வந்தபோது பல்லைக் கடித்து ஊன்றினார். தாங்கியது! அவருக்கே நம்பிக்கை வராமல் என்னைப் பார்த்தார்.

அதற்குள் நஸ்ரினுக்குப் பின்னால் பத்துப் பேர், அப்புறம் மொத்த அறையும் அந்த நடைக்கு வந்துவிட்டது. அவர் தடுமாறி ஒரு கொட்டைத் தவறவிட்டால், எண்பது பேரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார்கள். தாளம் அதுபாட்டுக்குப் போகும், அவர்கள் போகமாட்டார்கள். அடுத்த 'தும்'மில் அவரோடு சேர்ந்து எண்பது கால் தரையில் இறங்கும். சிமெண்டுத் தரை வழியாக அது என் பாதத்தில் ஏறியது. நான் அழுதேன், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். பிறந்ததிலிருந்து தங்களுக்காகவே நின்று நின்று வாசிக்கும் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இன்னொருவருக்காகக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்க இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

வாசலிலிருந்து டர்ன்டேபிள் வரை அறையைக் குறுக்காகக் கடந்தார் பெலிக்ஸ். போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்க மேசையைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆரவாரம் எழுந்தது பாருங்கள், தக்கைச் சுவர் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே எங்களை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

"போதும்டா சவரி. இந்தப் புள்ளைங்க ஆட வந்துதுங்க, வேகமா வைய்யி. நான் ஒக்காந்து பாக்கறேன்" என்றார்.

பழுதுத் தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஆளுக்கு இரண்டு மூன்றாக வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்களும் ஒன்றை எடுத்துவந்து, சத்தம் வெளியே போகாதபடி ஜன்னலை அடைத்து, மெத்தையைச் சாத்தி, தினமும் அதில் நடந்தோம். இரண்டொரு முறை விழுந்தார். எழுந்தபோது தாளம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நஸ்ரின் வேலை முடிந்து போகும் வழியில் வந்து, அவரோடு சுற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவாள்.

ஈஸ்டருக்குப் பிறகு தேர்வு. செவிமணி போட்டுக்கொள்ளலாம் என்றார்களாம், வேண்டாம் என்றாராம். நான் துறைமுக வாசலில் வெயிலில் நின்றிருந்தேன். வெளியே வந்தவர் கையில் கிரேன் அறைச் சாவியைத் தூக்கிக் காட்டினார். நான் போட்ட சத்தத்தில் காவலாளி தன் செவிமணியைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டுக்கு நடந்தே போனோம். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவர் நீளக்கால்காரர். அத்தனை வருஷமும் தெருவில் அவர் பாட்டில் அவர் முன்னே போய்விடுவார், என் பாட்டில் நான் பின்னே வருவேன். அதில் தப்பிருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை. அன்றைக்கு மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் என் செருப்பு வார் நழுவியது. குனிந்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் இரண்டடி முன்னால் இடது காலைத் தூக்கிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா, வலிக்குதா?" என்று பதறினேன்.

"இல்லடி," என்றார். "நீ வரணும்ல."