தகவல் தந்தவர்

முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பெருவிரல் ரேகை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

ஊதா மை. பதிவறையின் ஒற்றைக் குழல்விளக்குக்கு நேராக விரலைத் தூக்கிப் பார்த்தாள், ஈரமாகத்தான் இருந்தது. இந்த அலுவலகத்துக்கு வாங்கிப் போடும் மை, டப்பாவைத் திறப்பதற்குள்ளேயே வறண்டுபோகிற ரகம். பதினொரு வருடமாக இங்கே பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தராக இருப்பவளுக்கு அது தெரியாதா? புடவைத் தலைப்பில் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

அவள் தேடி வந்ததே வேறு. மகளின் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் தாயும் மகளுமாகத் தரையில் சார்ட்டை விரித்துக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். எட்டு வயது வாலு அது, வாய் ஓயாது. "அம்மா, உங்க அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டது. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சொல்லிவந்ததைத்தான் சொன்னாள்: அக்காவை அத்தை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பெரிய வீட்டில் வைத்து வளர்த்தார்கள்.

சின்ன வயதில் அக்காவை நினைத்து அவளுக்கு வயிற்றெரிச்சலாகவே இருக்கும். அப்பாவின் தங்கையையும் அத்தைதான் கூட்டிப்போனார்களாம். அதற்கு முன்னால் தாத்தாவின் தங்கையையும். மூன்று தலைமுறைக்கும் ஒருத்தி எப்படி அத்தையாக இருக்க முடியும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கதை நன்றாக இருந்தது, விட்டுவிட்டார்கள்.

அக்காவைக் கண்டுபிடித்தே தீர்வது என்று இன்று மதியம் பிறப்புப் பதிவேட்டை எடுத்தாள். அக்கா பெயருக்கு நேரே ஓரத்தில் யாரோ பென்சிலால் குறித்திருந்தார்கள்: இறப்பு, பக்கம் நூற்றுப் பதினான்கு.

அந்தப் பக்கத்தில்தான் இப்போது நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் பெயர். வயது எட்டு. தகவல் தந்தவர் பெயர், காலி. உறவு: அத்தை. பக்கத்தில் அந்த ரேகை, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்போடு.

செத்தா போயிருந்தாள்? அத்தனை வருடமும் செத்தவளைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்? நாற்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டில் கட்டிவைத்திருந்த பழைய புத்தகங்களை இறக்கினாள். தூசி தொண்டையை அடைத்தது; செல்லரித்த அட்டை கையோடு பிய்ந்து வந்தது. அப்பாவின் தங்கை, எட்டு. உறவு: அத்தை. இன்னும் பழைய புத்தகத்தில் தாத்தாவின் தங்கை, எட்டு. அத்தை. அதே ரேகை, அதே தழும்பு. காகிதம் மட்டும்தான் மஞ்சளாகியிருந்தது. மை மூன்றிலும் ஈரம்.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அக்கா செத்துட்டாளா?"

அப்பா மெதுவாகப் பேசினார். "அக்காவோட ஸ்கூல் ஃபாரத்துல, அப்பா அம்மா வரலைன்னா யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு ஒரு கட்டம் இருந்துச்சும்மா. காலியா விட வேணாமேன்னு விளையாட்டா அத்தைன்னு எழுதிட்டேன். எங்க அப்பா தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, அந்த அத்தையப் பேச்சோட வைடா, எழுதிக் குடுக்காதேன்னு. நான்தான் கேக்கல."

"அப்பா..."

"நீ எங்கயும் எழுதலையே? சொல்லும்மா. எழுதலையே?"

எழுதியிருந்தாள்.

நேற்று, சார்ட்டில். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு இடம் விட்டிருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பவள் என்று அலுவலகமே கேலி செய்யும். மகளின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. கணவருக்கு அக்கா தங்கை கிடையாது. இருந்தாலும், கதையில் வருகிற அத்தைதானே என்று, அழகாக 'அத்தை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து மகளோடு கோடு போட்டு இணைத்தாள். காலையில் வாலு அதைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டது.

பள்ளி எண்ணை அவசரமாகப் போட்டாள். இரண்டு தடவை தப்பாகப் போட்டாள்.

"பாப்பாவா? இப்பத்தான் மேடம், அத்தை வந்து கூட்டிட்டுப் போனாங்க," என்றாள் டீச்சர். "யாருன்னு கேட்டோம். பாப்பாவே சார்ட்டைக் காட்டி, இவங்கதான் எங்க அத்தைன்னு சொல்லுச்சு. உங்க கையெழுத்துதானே அது?"

"ஐயோ! எங்க போனாங்க?"

"அம்மா ஆபீசுக்குன்னு சொன்னாங்களே."

போன் நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. பதிவறையிலிருந்து முன்கூடத்துக்கு ஓடினாள். மற்றவர்கள் யாரையும் காணோம். மணி நாலுதான் ஆகிறது, எல்லா நாற்காலியும் காலி. வாசல் கதவு கவுன்ட்டரைத் தாண்டி இருந்தது. கவுன்ட்டர் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழே அரைவட்ட ஓட்டை. அதன் வழியாக, வருகிறவர்களின் கை மட்டும்தான் தெரியும். பதினொரு வருடமாகக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

டொக். டொக்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

பழைய அலமாரிக்குள் நனைந்த துணியை வைத்துப் பூட்டியதுபோல் ஒரு வாடை. ஓட்டைக்குள் ஒரு கை நுழைந்தது. வெளுத்த கை. பெருவிரலில் தழும்பு. விரல் நுனியில் ஊதா மை.

கை ஒரு படிவத்தைத் தள்ளியது.

இறப்புத் தகவல் படிவம். மகளின் பெயர். வயது எட்டு. தேதி, இன்று. உறவு: அத்தை. ரேகை வைத்தாகிவிட்டது.

ஒரே ஒரு கட்டம் காலி. இறந்த நேரம்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் வலது கை, தன்பாட்டுக்கு, மேஜையிலிருந்த பேனாவை எடுத்தது. வேண்டாம். வேண்டாம். இடது கையால் பிடித்து இழுத்தாள். நிற்கவில்லை.

வெள்ளைப் பெயின்ட்டுக்கு அந்தப் பக்கம் குட்டையாக ஒரு நிழல், நெடிய நிழலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அம்மா," என்றது வாலு, எப்போதும்போல உற்சாகமாக. "மணி என்ன ஆச்சுன்னு அத்தை கேக்குறாங்க."