ஐஸ் தண்ணீருக்கு மட்டும் அடித்த மணி

கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்துக்காரர் வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றவும் மறந்துபோனார்.

"ஹீட்டர் நின்னு ஒரு பெட்டி முட்டையும் வீணாப் போச்சும்மா. சூடு ரெண்டு டிகிரி மாறினாலே மணி அடிக்கணும். அடிக்கலை. பக்கத்து அறையில காவலுக்கு இருந்த என் மச்சினன் மணியை அணைச்சிட்டுத் தூங்கியிருக்கான். கேட்டா, கண்ணே மூடலைன்னு சத்தியம் பண்றான். சாயங்காலத்துக்குள்ள கிளம்புன்னுட்டேன். வீட்டுக்காரி என்கூடப் பேசறதில்லை. நீங்க வந்து நிரூபிச்சாத்தான் நம்புவாளாம்."

பிறர் எழுதிய புரோகிராம்களில் பிழை தேடித் தருவது அந்த அம்மாளின் தொழில். ஊர் அவளை நிதானம் என்றது. உடன் அலையும் கணவருக்கு அவசரம் என்று பெயர். இரண்டும் பொருத்தமான பெயர்கள்தான்.

"தெர்மாமீட்டர் எப்படி?" என்றாள் நிதானம்.

"போன வாரம்தான் புதுசு போட்டோம். பழசு செல்சியஸ், இது ஃபாரன்ஹீட் காட்டுறது. அதுக்கேத்த மாதிரி என் பொண்ணைக் கட்டின மாப்பிள்ளைதான் மணியோட புரோகிராமை மாத்திக் கொடுத்தார். தங்கமான தெர்மாமீட்டர்! முன்னெல்லாம் பெட்டிக் கதவைத் திறந்தாலே மணி கத்தி உயிரை வாங்கும். இப்ப சாது."

நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பொரிப்பகத்தின் வாசலில் மைத்துனன் பையோடு உட்கார்ந்திருந்தான். "ஓடப் பார்க்கிறான்!" என்று கிசுகிசுத்த அவசரம், உள்ளே போய் மணியின் சுவிட்சை முகர்ந்தே பார்த்துவிட்டார். "சே! பஞ்சு பஞ்சா இறகுத் தூசி. ஒரு விரல் தடம்கூட இல்லை."

"அதைத்தான் தேடினேன்," என்றாள் மனைவி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹீட்டரைச் சரிபண்ணிப் புது முட்டை அடுக்கியிருந்த பெட்டிக்குள்ளிருந்து அவள் தெர்மாமீட்டரை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். திரையில் தொண்ணூற்றொன்பதரை தொண்ணூறாக இறங்கியது. மணி அடிக்கவில்லை.

"அதெப்படி?" பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை பதறினார். "நான் ஐஸ் தண்ணியில வச்சுப் பார்த்தேனே! அலறிச்சே!"

ஐஸ் வந்தது. மணி அலறத்தான் செய்தது.

"திரையில சூடு சரியாத்தான் காட்டுது," என்றாள் நிதானம். "அந்த ரெண்டு டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தை எப்படி ஃபாரன்ஹீட் ஆக்கினீங்க?"

"அதே சூத்திரம்தான். ஒன்பதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினேன். முப்பத்தஞ்சே சொச்சம்."

"அங்கதான் இருக்கு. ஃபாரன்ஹீட் முப்பத்திரண்டு டிகிரி உயர நாற்காலியில நிக்குது. அதனால சூட்டைச் சொல்லும்போது நாற்காலியையும் சேர்க்கணும். நானும் இவரும் நாற்காலி மேல நின்னா யார் எவ்வளவு குள்ளம்ங்கறது மாறுமா?"

"மாறாது," என்றார் அவசரம் வருத்தமாக.

"வித்தியாசத்துக்கு நாற்காலி கிடையாது. மூணரை டிகிரி சொச்சத்துக்கே அடிக்க வேண்டிய மணி, முப்பத்தஞ்சு இறங்கட்டும்னு காத்திருந்திருக்கு. அதனாலதான் கதவைத் திறந்தாலும் சாது. சுவிட்சை யாரும் தொடலை. இந்தப் பையன் முழிச்சுத்தான் இருந்திருக்கான், வராத சத்தத்துக்காக."

மாப்பிள்ளையைக் குறை சொல்லி அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அவரே சொன்னார். "தப்பு என்னுதுதான் மாமா." முப்பத்திரண்டை அழித்துவிட்டு, தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, அது சூடேறி மணி அடங்கும்வரை தலைகுனிந்து நின்றார்.

பொரிப்பகத்துக்காரர் வாசலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர். பையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார், கடைசியில் சும்மா இருக்க முடியாமல் பெட்டிக் கதவைத் திறந்தார். சிறிது நேரத்தில் மணி ஊரைக் கூட்டியது.

"அணைக்கட்டுமா மாமா?"

"கத்தட்டும் விடுங்க மாப்பிள்ளை," என்றார். கண் கலங்கியிருந்தது.

மைத்துனன் ஓடி வந்தான். "முதல்ல கதவை மூடுங்க அத்தான்! புது முட்டை குளிர்ந்துடும்!"