காணாமல் போன ஆந்தை ஊதல்

பகல் 1.10. எல் தூகான் இடிபாடுகளைப் பார்க்க வந்த மூன்று பயணிகள் முன்னால் தொல்லியல் ஆய்வாளர் டாக்டர் கிரிசெல்தா தகரப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு மட்டும் இருந்தது. ஊதலைக் காணோம்.

கட்டைவிரல் அளவு சுட்டமண் ஆந்தை. பழைய மாயா நாகரிகக் காலத்தில் ஒரு குழந்தையின் கல்லறையில் வைத்தது. நான்கு வருடத் தோண்டலில் உடையாமல் கிடைத்த முதல் பொருள். நேற்று மாலை, ஏழாம் குழியில் தோண்டிக்கொண்டிருந்த இளம்பெண் யெசேனியா எடுத்தாள்.

பயணிகளைக் கோவேறு கழுதைகளில் அழைத்து வந்தவள் தொமித்திலா சாயாஷ். இந்தக் காட்டில் முப்பது வருடமாக வழிகாட்டி. மரங்கள் மூடிக் கிடந்த இந்த மேட்டை டாக்டருக்கு முதலில் காட்டியவளும் அவள்தான். ஆனால் நுழைவாயில் பலகையில் டாக்டர் பெயர் மட்டுமே இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் தொமித்திலா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“கடைசியா எப்பப் பார்த்தீங்க?” என்று கேட்டாள்.

“பதினோரு மணிக்கு. இதே மேஜையில.”

“அப்புறம்?”

“பதினொன்றரைக்கு மழை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துச்சு. எல்லாரும் சமையல் கொட்டகையில ஒதுங்கினோம்.”

எல்லாரும் என்றால் மூன்றே பேர். டாக்டர், யெசேனியா, ஃபிதென்சியோ. மற்ற வேலையாட்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள்.

ஃபிதென்சியோ ஊஷ் காட்டிலுள்ள பல இடிபாடுகளில் இருபத்து மூன்று வருடமாகத் தோண்டுகிறவன்; மரியாதைக்கு எல்லாரும் ‘தோன்’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். யெசேனியாவுக்கு இதுதான் முதல் வருடம். அவள் அப்பா கல்லறைகளைக் கொள்ளையடித்துச் சிறைக்குப் போனவர்.

“எங்க போயிருக்கும்னு இன்னும் தேடணுமா?” ஃபிதென்சியோ தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான். “அப்பன் தொழிலைப் பொண்ணு எடுத்திருக்கு.”

யெசேனியா துள்ளி எழுந்தாள். “வார்த்தையை அளந்து பேசுங்க தோன் ஃபிதென்சியோ! நானே எடுத்துக் கொடுத்ததை நானே ஏன் திருடணும்?”

“கொடுக்கும்போது எல்லாரும் பார்த்தாங்களே. வேற வழி?”

டாக்டர் அந்தப் பெண்ணின் ஊஞ்சல் படுக்கையை உதறினார். மூட்டையைக் கொட்டினார். ஒன்றுமில்லை. “ரேடியோவில போலீஸைக் கூப்பிடப் போறேன்,” என்றார்.

யெசேனியாவின் முகம் வெளுத்தது. அப்பா பேரைச் சொன்னால் போதும், போலீஸ் வேறு கேள்வியே கேட்காது.

“அரை மணி நேரம் பொறுங்க டாக்டர்,” என்றாள் தொமித்திலா. “வர்ற வழியெல்லாம் சேறு. எங்க கழுதைக் குளம்பைத் தவிர ஒரு தடம் கிடையாது. ஊதல் இங்கதான் எங்கேயோ இருக்கு.”

1.35. அவள் குழிகளைச் சுற்றி வந்தாள்.

ஒன்பதாம் குழி: தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதில் யெசேனியா காலையில்தான் வேலை ஆரம்பித்திருந்தாள். நான்காம் குழி ஃபிதென்சியோவுடையது: முழங்கால் தண்ணீர், பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. ஏழாம் குழி: நீலத் தார்ப்பாய், நான்கு மூலையிலும் கல்.

1.50. திரும்பி வந்தாள்.

“ஏழுல இன்னும் வேலை இருக்கா டாக்டர்?”

“இல்ல. காலையில படம் வரைஞ்சு முடிச்சாச்சு. நாளைக்கு மண்ணைத் தள்ளி நிரப்பணும்.”

“அப்ப மழைக்கு அதை மூடினது யாரு?”

“நான் இல்ல,” என்றார் டாக்டர்.

“நான் ஒன்பதை மூடத்தான் ஓடினேன்,” என்றாள் யெசேனியா.

“உங்க நாலாம் குழியை ஏன் மூடல, தோன் ஃபிதென்சியோ?”

“காத்துல தார்ப்பாய் பறந்துபோச்சு.”

“எங்க போய் விழுந்துச்சு?”

அவன் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

“நான் சொல்றேன். நேரா ஏழாம் குழி மேல போய் விழுந்து, தானே நாலு கல்லையும் எடுத்து வெச்சுக்கிச்சு.” தொமித்திலா சிரிக்கவில்லை. “இருபத்து மூணு வருஷம் வேலை பார்த்த ஆள், தன் குழியை நனையவிட்டுக் காலிக் குழிக்குக் குடை பிடிச்சிருக்கார். உள்ள ஏதோ இருக்குன்னு தெரிஞ்சவர்தான் அப்படிச் செய்வார். எடுத்த இடத்திலேயே இருக்கும்னு யாரும் தேட மாட்டாங்க. எல்லாரும் படுக்கையைத்தான் உதறுவாங்க.”

டாக்டர் ஏழாம் குழிக்கு ஓடினார். ஒரு சாண் பொலபொலத்த மண்ணுக்கு அடியில் ஆந்தை கிடைத்தது.

ஃபிதென்சியோ குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான்.

“போன வருஷம் இது என் குழி,” என்றான். “காய்ச்சல் வந்து வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. நான் விட்ட இடத்திலிருந்து ஒரு சாண். ஒரே ஒரு சாண் டாக்டர்! இருபத்து மூணு வருஷத்துல எனக்குக் கிடைச்சது எல்லாம் ஓட்டாஞ்சல்லி. நேத்து வந்த பொண்ணு, ஒரு கரண்டி போட்டா, ஆந்தை!”

“அதனால திருடினீங்களா?”

“விக்க இல்ல. புதைச்சு, என் கையால ஒரு தடவை தோண்டி எடுக்கணும்னு தோணுச்சு. எடுத்துப் பெட்டியில வெச்சிருப்பேன். அதுக்குள்ள மழை. விட்டதும் பயணிகள் வந்துட்டாங்க.”

“பழியை ஏன் அவ மேல போட்டீங்க?” என்று கேட்டாள் தொமித்திலா.

“அவளைப் பார்த்தாலே எரிஞ்சுது.”

தொமித்திலாவுக்கு அந்த எரிச்சல் புதிதில்லை. அதனால்தான் சீக்கிரமாகக் கண்டுபிடித்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் போலீஸைக் கூப்பிடவில்லை. ஃபிதென்சியோ நாளைக் காலை கழுதைகளோடு ஊருக்குப் போய்விட வேண்டும், இனி இங்கே வேலை இல்லை என்றார். யெசேனியாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. கழுதை மேல் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான் ஃபிதென்சியோ. யெசேனியா சோளரொட்டிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்து சேணத்தில் வைத்தாள்.

“உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. வழி நீளம், அவ்வளவுதான்.”

அவன் வார்க்கச்சையை இறுக்கினான். போகாமல் நின்றான்.

“அது... ஊதினா சத்தம் வருமா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். டாக்டர் தூரத்தில் இருந்தார்.

“எடுத்த உடனே ஊதிப் பார்த்தேன். வந்துச்சு.”

ஃபிதென்சியோ கண்ணை மூடிக்கொண்டான்.

“அதுவும் நீதானா,” என்றான்.