ஐந்தாம் குழியில் ஒரு சிவப்புப் பந்து

செல்போன் அலறியது!

ஐந்தாம் மேன்ஹோல் குழியின் விளிம்பில் மண்டியிட்டிருந்தவள் நிமிராமலேயே அதைக் காதில் வைத்தாள்.

"மேடம்! பந்து வந்துடுச்சு!"

ஆறாம் குழியிலிருந்து மேஸ்திரி. குரலில் அப்படியொரு குதூகலம்!

"எந்தப் பந்து?"

"நீங்க அஞ்சாம் குழியில போட்டீங்களே மேடம்... சிவப்புப் பந்து! ஜம்முனு உருண்டு வந்து என் காலடியில நின்னுடுச்சு. குழாயோட சரிவு, வாட்டம் எல்லாம் பக்கா!"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள்.

சிவப்புப் பந்து இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது!

அவள் வடிகால் பரிசோதனைப் பொறியாளர். புது மனைப்பிரிவுகளில் சாலை, தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்த்து, நிறைவுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவள். அந்தக் கையெழுத்து விழாமல் மின்சாரம் கிடையாது. தண்ணீர் கிடையாது. யாரும் குடியேற முடியாது.

வடிகாலுக்கு அவளிடம் ஒரே சோதனைதான். ஒரு குழியில் டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு பந்தைப் போடுவாள். மண்ணுக்கடியில் புதைந்த குழாய் வழியே பந்து அடுத்த குழியை எட்டினால் பாஸ். எட்டாவிட்டால்... கான்ட்ராக்டருக்குக் காய்ச்சல்!

சைட்டுகளில் அவளுக்குப் பட்டப்பெயர் பந்தம்மா.

பந்தம்மா அதிகம் பேசமாட்டாள். சந்தேகம் வந்தால் எதிரே நிற்பவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு நிமிடம் போதும். கேட்காத குற்றத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்வார்கள்.

"யாரு மேடம் போன்ல?" என்றார் ஜீப் டிரைவர். ஐம்பத்தைந்து வயது. வாய்க்கு ஓய்வே கிடையாது.

"மேஸ்திரி. பந்து வந்துடுச்சாம்."

டிரைவர் அவள் கையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"அய்யோ மேடம்! அப்ப உள்ள வேற யாரோ இருக்கான்! எனக்குக் காலையிலேர்ந்தே மனசு சரியில்ல. பொணம் கிணம் இருந்தா நான் பார்க்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!"

"டிரைவரண்ணே..."

"சொல்லுங்க மேடம்."

"அந்த நீளக் கம்பியை எடுங்க."

மறுபடியும் போன். இந்தத் தடவை அவள் கணவர்.

"ஏம்மா, லாரி கிளம்பிடுச்சு! ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே வச்சாச்சு. பழைய வீட்டுச் சாவியையும் கொடுத்துட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"அங்க புதுசா வர்றவங்க கட்டிலையே இறக்கிட்டாங்கம்மா! இனி திரும்பிப் போனா அவங்க கட்டிலுக்கடியிலதான் படுக்கணும். நீ சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுடுவ இல்ல?"

அவள் போனைத் துண்டித்தாள்.

அதுதான் அவள் தொண்டையில் சிக்கிய முள்!

இதே மனைப்பிரிவில் இருபத்துமூன்றாம் நம்பர் வீடு அவளுடையது. ஒன்பதாம் குழிக்கு நேர் எதிரே. தெருவிலேயே மிகத் தாழ்வான இடம். இங்கே பரிசோதனைக்கு வர வேண்டியவர் போன வாரம் வேறொரு சைட்டில் மூடியில்லாத குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பதில் இவளைப் போட்டார்கள். 'என் வீடும் அங்கேதான்' என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாள். 'அப்படியானால் இன்னும் கவனமாகப் பார்ப்பீர்கள்' என்று அவர் பதில் எழுதிவிட்டார்!

கணவர் மனை வாங்கியவர்கள் சங்கத்தின் செயலாளர். வாங்கிய நாளில் அவள் அவரிடம் இரண்டு கட்டளைகள் போட்டிருந்தாள். சைட்டில் என் வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. வீட்டில் சைட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

மனிதர் இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தார். அதுதான் வினை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

ஆறாம் குழி.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் மேஸ்திரி. அவன் மடியில் ஒரு சிவப்புப் பந்து. பக்கத்தில் பந்தை நனைப்பதற்கு ஒரு மக்குத் தண்ணீர்!

மேஸ்திரி நிமிர்ந்தான். மேலே அவள் முகம். அவள் கையில் இன்னொரு சிவப்புப் பந்து.

"வ... வணக்கம் மேடம்."

அவள் பேசவில்லை.

ஒரு நிமிடம்.

ஒன்றரை நிமிடம்.

"டேங்கர் ஹாரன் அடிச்சதும் அஞ்சு எண்ணிட்டு போன் பண்ணச் சொன்னாரு மேடம், கான்ட்ராக்டரு!" மேஸ்திரி உடைந்தான். "ஹாரன் கேட்டுச்சு... எண்ணினேன்... பண்ணினேன்!"

அவள் டேங்கர்காரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாய் குறுக்க வந்துச்சு மேடம்," என்றான் அவன். "அதான் அடிச்சேன்."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு நாயால மானமே போச்சே! மேடம், போன மாசம் வேற சைட்டுல உங்க ஜீப் டயர்ல காத்தைப் புடுங்கினதும் நான்தான்!"

"அடப்பாவி!" என்றார் டிரைவர். "ரெண்டு மைல் தள்ளினேன்டா நான்!"

அவள் குழிக்குள் இறங்கினாள். சுவரில் குழாயின் வட்ட வாய் அழகாகத் தெரிந்தது. இரண்டடி விட்டம். சுற்றிலும் நேர்த்தியான சிமெண்ட் பூச்சு. கம்பியை உள்ளே விட்டாள்.

ஒன்றரை அடிதான் போனது.

டொக்!

இழுத்துப் பார்த்தாள். கம்பி முனையில் மண்!

ஏழாம் குழி. டொக்! எட்டாம் குழி. டொக்! ஒன்பதாம் குழி. அங்கேயும் டொக்!

எல்லாக் குழிகளிலும் வாய் இருந்தது. வயிறு இல்லை!

ஐந்திலிருந்து ஒன்பது வரை நூற்றிருபது மீட்டர் வடிகால்... காணவில்லை!

அவள் ஐந்தாம் குழிக்குத் திரும்பி வந்தாள். டேங்கரைத் திறக்கச் சொன்னாள். தண்ணீர் கொட்டியது. பந்தைப் போட்டாள். அது எங்கேயும் போகவில்லை. ஏறுகிற தண்ணீரின் மேல் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வடகிழக்கில் வானம் கறுத்திருந்தது. ஒரு நல்ல மழை போதும். நாற்பது வீட்டுக் கூரைத் தண்ணீரும் தெருவில் இறங்கும். போக வழி தேடும். கிடைக்காது. கடைசியில் தாழ்வான இடத்தைப் பார்த்து வரும்... இருபத்துமூன்றாம் நம்பர் வாசலுக்கு. அங்கே கூடத்தில் ஃப்ரிட்ஜ் நிமிர்ந்தபடியே மிதக்கும்.

"பொணம் இல்லைங்களா மேடம்?" டிரைவர் மெல்லக் கேட்டார். குரலில் லேசான ஏமாற்றம்.

"இல்லண்ணே. குழாய்தான் காணோம்."

"பொணமே பரவால்ல போலிருக்கே!"

கான்ட்ராக்டர் பைக்கில் பறந்து வந்தார். வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சிரிப்பு. அக்குளில் ஒரு தடித்த ஃபைல்.

"மேடம்... மேஸ்திரி ஒரு லூசு மேடம்! உங்க சிரமத்தைக் குறைக்கலாம்னு அவனா ஏதோ பண்ணிட்டான்."

மேஸ்திரி வாயைத் திறந்தான். கான்ட்ராக்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"குழாய் எங்க?" என்றாள்.

"உள்ளதான் மேடம் இருக்கு! மண்ணு அடைச்சிருக்கும். ரெண்டு நாள்ல சுத்தம் பண்ணிடறேன். நீங்க கையெழுத்து மட்டும்..."

அவள் பேசவில்லை.

கான்ட்ராக்டர் பழம் தின்று கொட்டை போட்டவர். மௌனத்துக்கெல்லாம் மசிகிற ஆளில்லை. ஃபைலைப் பிரித்து நீட்டினார்.

"ஆதாரம் மேடம்! பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும்னு விதி இருக்கு இல்ல? எடுத்திருக்கேன். அஞ்சாம் குழியிலேர்ந்து ஒன்பதாம் குழி வரைக்கும் நாலு பகுதிக்கும் நாலு போட்டோ. நாலு வாரம், நாலு தேதி. கூடவே சாட்சிக் கையெழுத்து!"

அவள் படங்களை வாங்கினாள்.

நான்கிலும் பள்ளம். பள்ளத்துக்குள் வரிசையாகக் குழாய்கள். ஆழம் தெரிவதற்காக ஓர் அளவுகோல். அளவுகோலைப் பிடித்திருக்கும் ஒரு கை. முகம் படத்துக்கு வெளியே.

முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றையும் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அவள் முகம் வெளுத்துப் போனது!

இந்தத் தடவை அந்த மௌனம் இரண்டு நிமிடத்தையும் தாண்டிப் போனது. டிரைவரே வாயை மூடிக்கொண்டார். தூரத்தில் அந்த நாய் மட்டும் ஒருமுறை குரைத்தது.

"இந்தக் கை யாரோடது?"

"சாட்சியோடது மேடம். சங்கத்துச் செயலாளர். அப்பழுக்கில்லாத மனுஷர்! ஒரு டீக்கு மேல எதுவும் வாங்கமாட்டார்."

"கூப்பிடுங்க அவரை."

"இப்பவேவா?"

"இப்பவே."

கான்ட்ராக்டர் நம்பரை அழுத்தினார்.

மணி அடித்தது... போனுக்குள் மட்டுமல்ல. அவர்கள் முதுகுக்குப் பின்னாலும்!

எல்லோரும் திரும்பினார்கள்.

மனைப்பிரிவின் நுழைவாசலில் ஒரு லாரி. மேலே கட்டில், பீரோ, நிமிர்ந்த ஃப்ரிட்ஜ். முன்பக்கத்திலிருந்து தொப்பையோடு ஒருவர் இறங்கினார். அடிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏம்மா! கையெழுத்துப் போட்டாச்சா?"

கான்ட்ராக்டர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெள்ளைச் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஏ... ஏம்மாவா?!"

"வீட்டுக்காரர்," என்றாள் அவள்.

டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடங்கொப்பரானே... பொணம் விழும்னு நினைச்சேன். இவ்வளவு கிட்டத்துல விழும்னு நினைக்கல!"

அவள் நான்கு படங்களையும் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு கட்டைவிரல்?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்னோடதும்மா! பரவால்லையே, நல்லா விழுந்திருக்கே!"

"விரல்ல என்ன கட்டு?"

"அலமாரிக்குக் கீல் மாட்டறேன்னு கிழிச்சுக்கிட்டேனே... நீதானே பூப்போட்ட கைக்குட்டையைக் கிழிச்சுக் கட்டின? முயல் காது மாதிரி முடிச்சு!"

"அந்தக் கட்டை எப்ப அவுத்தீங்க?"

"அன்னிக்கு ராத்திரியே குளிக்கறப்ப நனைஞ்சுடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன். ஏன் கேக்கற?"

அவள் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள்.

"நாலு வாரம். நாலு தேதி. ஒரே ஒரு நாள் இருந்த கட்டு, நாலு போட்டோலயும் எப்படி இருக்கு? முயல் காதுல ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. நாலுலயும் அதே நீளம், அதே குட்டை!"

கான்ட்ராக்டர் வியர்வையைத் துடைத்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஒரே பள்ளம்," என்றாள் அவள். "ஒரே பன்னிரண்டு குழாய். நாலு மூலையிலேர்ந்து நாலு போட்டோ. அப்புறம் குழாயை வெளிய எடுத்துட்டு மண்ணைப் போட்டு மூடிட்டீங்க."

"ஆமாம்மா!" என்றார் கணவர் உற்சாகமாக. "அங்க நில்லுங்க, இங்க நில்லுங்க, வெளிச்சம் சரியில்லன்னாங்க. நானும் சுத்திச் சுத்தி நின்னேன். நாலு காகிதத்துல கையெழுத்தும்..."

அவர் குரல் தேய்ந்தது. மனைவியின் முகம் அப்போதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"தப்புப் பண்ணிட்டேனா?"

அவளுக்குக் கோபம் முழுவதும் அவர் மேல் வரவில்லை. கொஞ்சம் அவள் மேலேயே வந்தது. ஒரே ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில், 'இன்னிக்கு நாலு இடத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேம்மா' என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் போதும். ஆனால் வீட்டில் சைட் பேச்சு கூடாது என்று வாயை அடைத்தவள் அவள்தானே!

"மேடம்..." கான்ட்ராக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீடும் இங்கதான்னு இப்பத்தான் தெரியுது. லாரியே வந்தாச்சு! வெளியில தெரிஞ்சா சாரோட கையெழுத்தும் சேர்ந்து சந்தி சிரிக்கும். இன்னிக்குப் போட்டுடுங்க. உங்க வீட்டு வாசல்ல மட்டும் நாளைக்கே குழாய் பதிச்சுடறேன்."

"மத்த முப்பத்தொன்பது வீடு?"

"அவங்க எல்லாம் மேட்டுல இருக்காங்க மேடம்..."

அவள் லாரியைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். இன்னும் திறக்காத தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். இன்றிரவு தலைசாய்க்க வேறு இடமில்லை.

பேனாவைத் திறந்தாள்.

கான்ட்ராக்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கணவரும்தான்!

அவள் எழுதினாள். 'வடிகால் இல்லை. சான்றிதழ் மறுக்கப்படுகிறது.' கீழே அழுத்தி ஒரு கோடு.

"அறிக்கையில என் பேரும் வருமா?" என்றார் கணவர் பரிதாபமாக.

"வரும். இனிஷியலோட."

கான்ட்ராக்டர் பைக்கை நோக்கி நழுவினார். உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். பின்சக்கரம் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது!

"பழக்கதோஷம் மேடம்," என்றான் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே. "காத்தைப் புடுங்கிட்டேன். என்னை லூசுன்னாரு இல்ல?"

"அந்தப் பன்னிரண்டு குழாயும் எங்கடா?" என்றார் டிரைவர்.

"ஷெட்டுக்குப் பின்னாடி, தார்ப்பாய்க்கடியில இருக்குண்ணே. இதுக்கு முன்னாடி ரெண்டு லேஅவுட்ல போட்டோவுக்கு நின்ன குழாய்ங்க. அடுத்த வாரம் இன்னொரு இடத்துல ஷூட்டிங்!"

முதல் மழைத்துளி ஃபைலின் மேல் விழுந்தது.

"மூணு நாள்ல மீதிக் குழாய் வந்து இறங்கணும்," என்றாள் அவள், நகராத பைக்கின் மேல் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டரிடம். "பதிமூணாவது நாள் வருவேன். பந்தோட."

"பதிமூணு நாளா!" கணவர் அலறினார். "அதுவரைக்கும் நாம எங்கம்மா படுக்கறது?"

"நான் டிரைவரண்ணன் வீட்டுல. அவர் சம்சாரம் என் சிநேகிதி."

"அப்ப நான்?"

அவள் குனிந்து, ஐந்தாம் குழியில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சிவப்புப் பந்தை எடுத்துத் துடைத்தாள். ஷெட் இருந்த திசையில் கையைக் காட்டினாள்.

"குழாயைக் கண்ணால பார்த்தேன்னு நாலு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்களே... அதுக்குள்ள போய்ப் படுங்க. ரெண்டடி விட்டம்தான். தொப்பை இடிக்குதுன்னா மேஸ்திரிக்கு ஒரு போன் போடுங்க, நீங்க உள்ள போகறதுக்கு முன்னாடியே 'சார் வந்துட்டாரு'ன்னு சொல்லிடுவான்!"